பத்தாவது பாஸ்னு சொல்லித்தான் கல்யாணம் பண்ணி வச்சாங்க, இப்ப நிஜமாவே எழுதலாமா டீச்சர்?

கேள்வி:

வணக்கம் டீச்சர். எனக்கு 38 வயசு ஆகுது, சொந்த ஊரு புதுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம், கல்யாணம் ஆகி திருப்பூர் வந்து 17 வருஷம் ஆச்சு. பனியன் கம்பெனியில செக்கிங் பாக்குறேன். 2001-ல நான் ஒம்பதாவது படிக்கும்போது அப்பா தவறிட்டாங்க, தம்பி தங்கச்சி எல்லாம் சின்னதுங்க, அதோட நின்னுட்டேன். எங்கம்மா அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துல கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டவங்க, சைக்கிளும் அப்பதான் ஓட்டக் கத்துக்கிட்டாங்க, என்னைய நிறுத்துனத நினைச்சு இன்னிக்கும் வருத்தப்படுவாங்க.

விஷயம் என்னன்னா, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப தரகர் "பொண்ணு பத்தாவது பாஸ்"னு சொல்லிட்டார், எங்க வீட்டுலயும் யாரும் மறுக்கல. வீட்டுக்காரருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. மகளை ஸ்கூல்ல சேக்கும்போது ஃபார்ம்ல தாயார் படிப்புன்னு இருந்த எடத்துல அவரே பத்தாம் வகுப்புன்னு எழுதுனாரு, நான் பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தேன். அவ இப்ப ஒம்பதாவது. கம்பெனியில என்னை க்யூசியா, அதாவது தரம் பாக்குற ஆளா, போடுறேன்னு சொல்றாங்க, சம்பளமும் ஏறும், பத்தாவது மார்க் ஷீட் ஜெராக்ஸ் மட்டும் கேக்குறாங்க. ஊர்ல இருக்குன்னு ரெண்டு மாசமா சொல்லி ஓட்டிட்டிருக்கேன். கூட வேலை செய்றவங்க மூலமா ஒருத்தர், 15,000 ரூபா குடுத்தா எக்ஸாமே எழுத வேணாம், டெல்லி போர்டு சர்டிபிகேட் வாங்கித் தர்றேங்கிறார். அத வாங்கிடலாமா, இல்ல எழுதலாமா? ராத்திரி மக புக்கை எடுத்து ஒளிச்சு வச்சுப் படிச்சுப் பாத்தேன், பத்து நிமிஷத்துல தலைவலி வந்துடுது, மூளை மழுங்கிடுச்சோன்னு பயமா இருக்கு. கணக்கு எனக்கு அப்பவே வராது. எக்ஸாம் ஹால்ல சின்னப் பசங்களோட உக்காரணுமா? பேர் போடாதீங்க டீச்சர்.

பதில்:

பேர் போடலம்மா. முதல்ல அந்தத் தலைவலியப் பேசிடுவோம், ஏன்னா அதுக்குத்தான் உடனே பதில் இருக்கு. உங்களுக்கு 38, செக்கிங்ல நாள் முழுக்க ட்யூப் லைட்டுக்கு கீழ துணியில நூல் பிரிஞ்சிருக்கா, கறை இருக்கான்னு கண்ணை இடுக்கிப் பாத்துட்டு வர்றீங்க, அப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு மங்கலான வெளிச்சத்துல யாருக்கும் தெரியாம புக்கைப் பிரிக்கிறீங்க, தலை வலிக்காம என்ன பண்ணும்? நாப்பது வயசை நெருங்கும்போது கிட்டப் பாக்குற பார்வை கொறைய ஆரம்பிக்கும், அதுக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்ல. என்கிட்ட ஞாயித்துக்கிழமை கிளாஸுக்கு வர்றவங்கள்ல முப்பத்தஞ்சு தாண்டினவங்க யார் வந்தாலும் நான் முதல்ல கேக்குறது "கண்ணு டெஸ்ட் பண்ணீங்களா"ன்னுதான். ஒரு அக்கா மூணு வாரம் "எனக்கு மண்டையில ஏறல டீச்சர்"னு அழுதுட்டு, கண்ணாடி போட்டு வந்த நாலாவது வாரம் "எழுத்து இவ்வளவு பெருசாவா இருந்துச்சு"ன்னு கேட்டாங்க. போய்ப் பாருங்க, அரசு ஆஸ்பத்திரியிலயே பாத்துக்கலாம்.

இன்னொண்ணு கையி. இத யாரும் சொல்ல மாட்டாங்க. 24 வருஷமா கையெழுத்து போடுறதுக்கும் பால் கணக்கு எழுதுறதுக்கும் தவிர பேனா பிடிக்காத கை, திடீர்னு மூணு மணி நேரம் எழுதுன்னா எழுதாது. எங்க ஆளுங்க நெறைய பேர் பாடம் தெரிஞ்சும் பேப்பர் முடிக்காம வந்து நிப்பாங்க, விரல் மரத்துப் போயிருக்கும். அதனால பாடம் எதுவும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, இன்னைக்கு ராத்திரியில இருந்தே, பேப்பர்ல வர்ற ஏதாவது ஒரு நியூஸப் பாத்து தினம் ஒரு பக்கம் எழுதுங்க. ஒரு மாசத்துல ரெண்டு பக்கம் ஆக்குங்க. அழகா எல்லாம் வேணாம், திருத்துறவங்களுக்குப் புரிஞ்சாப் போதும்.

இப்ப அந்த 15,000 ரூபா. வேண்டாம். எக்ஸாம் எழுதாம வர்ற சர்டிபிகேட் எந்த போர்டு பேர்ல வந்தாலும் அது போலிதாம்மா, டெல்லி என்ன, தேவலோகத்துல இருந்து வந்தாலும் போலிதான். உங்க கம்பெனியில ஜெராக்ஸ வாங்கி ஃபைல்ல போட்டுட்டு மறந்துடுவாங்க, மாட்டாமயும் போகலாம், அது எனக்கும் தெரியும். ஆனா நாளைக்கு ஒரு அரசு வேலைக்கோ வேற எதுக்கோ அதைக் குடுத்தீங்கன்னா உண்மைத்தன்மை கேட்டு அனுப்புவாங்க, அப்ப கேஸ் உங்க மேலதான் வரும், அந்த ஆளு போன் சுவிட்ச் ஆஃப். அதையும் விடுங்க. ஒரு பொய்ய 17 வருஷமா சுமக்குறது எவ்வளவு கனம்னு நீங்களே ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க, அதுக்கு மேல இன்னொரு பொய்ய காசு குடுத்து வாங்கணுமா?

டெல்லி போர்டுன்னு அவர் எதைச் சொல்றாருன்னு தெரியல, ஆனா நெசமான ஒண்ணு இருக்கு, அதையும் இதையும் குழப்பிக்காதீங்க. என்ஐஓஎஸ்னு பேரு, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், மத்திய அரசோடது, 1989-ல ஆரம்பிச்சது, தலைமை ஆபீஸ் நொய்டாவுல. 14 வயசு முடிஞ்ச யாரும் பத்தாவதுக்குப் பதியலாம், மேல வயசு வரம்பே கிடையாது. அஞ்சு பாடம் எடுத்துக்கணும், அதுல ஒண்ணாவது மொழிப்பாடமா இருக்கணும், கணக்கு கட்டாயம் இல்ல, மனையியல் மாதிரி பாடமெல்லாம் எடுத்துக்கலாம், தமிழ் மீடியத்துலயும் எழுதலாம், பாஸ் மார்க் 33. ஒரு தடவை பதிஞ்சா அஞ்சு வருஷம் செல்லும், அதுக்குள்ள ஒம்பது வாய்ப்பு, ஒவ்வொரு பாடமா கூட எழுதி முடிக்கலாம். ஏப்ரல் வாக்குல ஒரு தடவை, அக்டோபர் வாக்குல ஒரு தடவை எக்ஸாம். கவனிங்க, அதுலயும் எக்ஸாம் உண்டு. அது இல்லாம வாங்கித் தர்றேன்னு சொல்ற எவனும் ஏமாத்துக்காரன்.

ஆனா உங்க விஷயத்துல நான் நம்ம ஸ்டேட் போர்டு எஸ்எஸ்எல்சியவே, ஸ்கூல்ல சேராம நேரடித் தனித்தேர்வரா எழுதுங்கன்னுதான் சொல்வேன். முக்கியமான காரணம், நீங்க படிக்கிற புக்கு அடுத்து உங்க மகளுக்கும் ஆகும், சந்தேகம் கேக்க அவளும் வீட்டுக்குள்ளயே இருக்கா. அப்புறம், பின்னாடி நம்ம மாநில அரசு வேலை எதுக்காவது அப்ளை பண்ணணும்னு தோணுச்சுன்னா இந்த சர்டிபிகேட்டுக்கு ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேக்க மாட்டாங்க. இங்க இன்னொரு பள்ளத்தையும் காட்டிடறேன். பத்தாவதும் வேணாம் பன்னெண்டாவதும் வேணாம், நேரா டிகிரி வாங்கிடலாம்னு போஸ்டர் ஒட்டியிருப்பாங்க. அப்படி வாங்குன டிகிரி அரசு வேலைக்கு ஆகாதுன்னு 2009-லயே தமிழ்நாட்டுல அரசாணை வந்துடுச்சு, பத்து, பன்னெண்டு, அப்புறம் டிகிரின்னு வரிசையா வந்தாத்தான் கணக்கு. அந்தப் போஸ்டரை நம்பி மூணு வருஷம் ஃபீஸ் கட்டிட்டு, நாப்பது வயசுல மறுபடி பத்தாவதுல வந்து உக்காந்தவங்களுக்கு நான் பாடம் நடத்தியிருக்கேன், வயித்தெரிச்சலா இருக்கும்.

சரி, எழுதுறதுன்னு ஆச்சு, எங்க ஆரம்பிக்கிறது? எல்லாரும் புக்குல ஆரம்பிப்பாங்க. நீங்க ஆபீஸ் பேப்பர் வேலையில ஆரம்பிங்க. நான் பாத்த வரைக்கும் உங்கள மாதிரி ஆளுங்க கணக்குல தோத்ததைவிட தேதியில தோத்ததுதான் அதிகம்.

நேரடியா பத்தாவது எழுதுறவங்க அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் போயே ஆகணும். இதுக்கு மாவட்டக் கல்வி அலுவலர் ஆபீஸ்ல தனியா பேர் பதியணும், போன தடவை என்கிட்ட வந்தவங்க 125 ரூபாதான் கட்டுனாங்க. அவங்க சொல்ற ஸ்கூல்ல போய் பயிற்சி எடுக்கணும், 80 சதவீதம் வருகை இருக்கணும், அப்பதான் எக்ஸாமுக்கே அப்ளை பண்ண முடியும். இதுல வேடிக்கை என்னன்னா, மார்ச் எக்ஸாமுக்கு அப்ளிகேஷன் டிசம்பர் ஜனவரி வாக்குலதான் வாங்குவாங்க, ஆனா செய்முறைக்குப் பேர் பதியச் சொல்லி அறிவிப்பு பெரும்பாலும் ஸ்கூல் தொறக்கிற சமயத்துலயே வந்துடும், பேப்பர்ல உள்பக்கத்துல ஒரு சின்னக் கட்டமா வரும், யார் கண்ணுல படும்? ஜனவரியில ஆசை ஆசையா அப்ளிகேஷன் வாங்குற சேவை மையத்துக்குப் போய் "செய்முறை போனீங்களா"ன்னு அவங்க கேக்கும்போதுதான் தெரியும், ஒரு வருஷம் போச்சு. அதனால இந்த வாரமே ஒரு நாள் பர்மிஷன் போட்டு கல்வி அலுவலர் ஆபீஸ்ல நேர்ல கேளுங்க. அரசுத் தேர்வுகள் இயக்ககத்தோட வெப்சைட்டுலயும் தனித்தேர்வர் அறிவிப்பெல்லாம் போடுவாங்க, உங்க மகளுக்கு அதைத் தேடுறது ரெண்டு நிமிஷ வேலை.

அடுத்தது டிசி. எட்டாவது பாஸ் ஆனதுக்கு ஆதாரம் கேப்பாங்க, நீங்க ஒம்பதாவது வரைக்கும் போயிருக்கீங்க, அதனால ஊர்ல படிச்ச ஸ்கூல்ல உங்க பேர் அட்மிஷன் ரிஜிஸ்டர்ல இருக்கும். அப்பா போன துக்கத்துல பாதியில நின்னவங்க பெரும்பாலும் டிசியே வாங்கியிருக்க மாட்டாங்க, அது அங்கயேதான் கெடக்கும். கெடைச்சதும் ஆதார் கார்டைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. பேரு, இனிஷியல், பிறந்த தேதி மூணும் ஒண்ணா இருக்கா? நம்ம ஜனங்க பாதிப் பேருக்கு ஆதார்ல ஜனவரி ஒண்ணாந்தேதிதான் பொறந்தநாள், கேம்ப்ல தேதி தெரியலன்னு சொன்னா அப்படித்தான் போட்டு விட்டாங்க. இனிஷியல் அப்பாவோடதா வீட்டுக்காரரோடதாங்கிற குழப்பம் வேற. எஸ்எஸ்எல்சி சர்டிபிகேட்ல ஏறுற தேதிதான் அப்புறம் ஆயுசுக்கும், மாத்துறதுக்குள்ள தாவு தீந்துடும், அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடியே சரி பண்ணிடுங்க. வயசுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான், பதினாலரை முடிஞ்சிருக்கணும். அது உங்களுக்கு முடிஞ்சிருச்சு.

செய்முறைன்னதும் பயப்படாதீங்க, என் ஆளுங்க எல்லாருக்கும் புடிச்ச இடமே அதுதான். ஒரு வருஷம் பயிற்சி நடக்குற ஸ்கூலுக்கு நான் கூடப் போயிருந்தேன். குவிலென்ஸோட குவியத் தூரம் கண்டுபிடிக்கிற சோதனை. ஜன்னல் பக்கமா லென்ஸை ஸ்டாண்டுல நிறுத்தி, பின்னால வெள்ளை அட்டைய முன்ன பின்ன நகத்தணும், ஒரு எடத்துல வெளிய இருக்குற மரம் அட்டையில தெளிவா விழும், அந்தத் தூரத்தை ஸ்கேல் வச்சு அளக்கணும், அவ்வளவுதான். டிபன் கடை வச்சிருக்குற ஒரு அக்கா, வயசு 46, அட்டைய நகத்திட்டே வந்தவங்க திடீர்னு நிறுத்திட்டாங்க. வெளிய இருந்த வேப்பமரம் உள்ளங்கை அளவுல, தலைகீழா, எலை ஆடுறது வரைக்கும் அட்டையில தெரியுது. "டீச்சர், கரண்டே இல்லாம டிவி ஓடுது"ன்னாங்க. சுத்தி நின்ன எல்லாரும் சிரிச்சாங்க, அந்தக்கா மட்டும் சிரிக்கல, அட்டைய விட்டு கண்ணையே எடுக்கல. செய்முறைக்கு 25 மார்க், அதுல 15 வேணும். எழுத்துத் தேர்வு 75, அதுல 20 எடுத்தாப் போதும், ரெண்டும் சேந்து 35. அறிவியல்ல எங்க ஆளுங்க ஃபெயிலானது ரொம்பக் கொறைவு.

கணக்குக்கு வருவோம், என் சொந்த ஏரியா. அப்பவே வராதுன்னு எழுதியிருக்கீங்க. பதினாலு வயசுல உங்களுக்கு வரலை, சரி. ஆனா இன்னிக்கு மெஷர்மென்ட் சார்ட் பாத்து நெஞ்சளவு அரை சென்டிமீட்டர் தாண்டுச்சா இல்லையான்னு டேப் வச்சு சொல்றீங்க, நூறு பீஸ்ல எத்தனை ரிஜெக்ட்னு மனசுலயே கணக்குப் போடுறீங்க, அதெல்லாம் என்னவாம்? பத்தாவது கணக்கு பேப்பர பிரிச்சுப் பாத்தா பயம் பாதி போயிடும். ஒரு மார்க் கேள்வி 14. ரெண்டு மார்க் பத்து எழுதணும், 14 குடுப்பாங்க. அஞ்சு மார்க்கும் அப்படித்தான், 14-க்கு பத்து. கடைசியில எட்டு மார்க் ரெண்டு, ஒண்ணு செய்முறை வடிவியல், இன்னொண்ணு வரைபடம். இந்தக் கடைசி ரெண்டையும் முதல்ல படிங்க. வடிவொத்த முக்கோணம் வரையிறது, வட்டத்துக்குத் தொடுகோடு வரையிறது, கிராஃப் ஷீட்ல புள்ளி வச்சு கோடு இழுக்குறது, இதெல்லாம் கைவேலைம்மா. தையல் தெரிஞ்சவங்க, பேட்டர்ன் பாத்து வெட்டுறவங்க இதுல என் ரெகுலர் ஸ்கூல் பிள்ளைங்களவிட சுத்தமாப் போடுவாங்க, காம்பஸ் முள்ளு குத்துன ஓட்டை கூட பெருசாகாது. ஒரு கட்டிங் மாஸ்டர் வந்தாரு என்கிட்ட, தொடுகோடுன்னா என்னன்னு நான் பாதி சொல்லும்போதே "கழுத்து வளைவுல ஸ்கேல் படுற எடம்தானே டீச்சர்"னு கேட்டாரு, முப்பது வருஷம் பாடம் நடத்துன எனக்கு அந்த உதாரணம் தோணவே இல்ல.

ஆக அங்க 16. ஒரு மார்க் கேள்வி பெரும்பாலும் புக்குல ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னாலயும் இருக்குறதுதான், அதை நாலஞ்சு தடவை போட்டுப் பாத்தா பத்து மார்க்காவது வரும். 26 ஆச்சா? மீதி ஒம்பதுக்கு முதல் பாடம் உறவுகளும் சார்புகளும், அப்புறம் தொடர்வரிசை, புள்ளியியல், இந்த மூணுலயும் ஈசியா இருக்குறது போதும். ஆனா 35-க்குப் படிக்காதீங்க, 50-க்குப் படிங்க, 35-க்குப் படிச்சவங்க 31-ல வந்து நிக்கிறத நெறையப் பாத்துட்டேன். ஸ்கூல்ல மெல்லக் கற்போருக்குன்னு சின்னதா மெட்டீரியல் போடுவாங்க, டீச்சருங்க பிடிஎஃபா அனுப்பிக்குவாங்க, உங்க மக ஸ்கூல்ல கேட்டா கெடைக்கும். பேரப் பாத்து ரோஷப்படாதீங்க.

மத்ததெல்லாம் அவ்வளவு இல்ல. தமிழ், இங்கிலீஷ் ரெண்டுக்கும் அந்தக் காலத்துல ரெண்டு ரெண்டு பேப்பர், 2019-20-ல இருந்து ஒண்ணு ஒண்ணுதான், பாடப்புத்தகமும் அப்ப மாறுனதுதான், அதனால ஊர்ல யாராவது பழைய கைடு குடுத்தா வாங்காதீங்க. இங்கிலீஷ்ல ரோடு மேப் பாத்து வழி எழுதுறது, படம் பாத்து எழுதுறது, லெட்டர், மனப்பாடப் பாட்டு, இதுங்களப் புடிச்சுக்கோங்க. சமூக அறிவியலுக்கு மேப்பும் காலக்கோடும். தமிழ்ல நீங்க பாஸ், எனக்கு உங்க லெட்டரே போதும்.

நேரம் எங்க இருக்குன்னு கேப்பீங்க. ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வீட்டுக்கு வந்து சமைச்சு பாத்திரம் கழுவுனவங்களப் பாத்து "ராத்திரி ரெண்டு மணி நேரம் படிங்க"ன்னு நான் சொல்ல மாட்டேன், சொல்றவங்களுக்கு ஒன்றரை ஷிப்டுன்னா என்னன்னு தெரியாது. ராத்திரி வேண்டவே வேண்டாம். காலையில முக்கால் மணி நேரம், அதுல கணக்கு மட்டும். ஒரு மார்க் கேள்விய துண்டுச் சீட்டுல எழுதி மதியம் சாப்பாட்டு டைம்ல பத்து. ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம், அன்னிக்கு கறி எடுக்குறது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆர்டர் அவசரமா போற வாரத்துல ஒண்ணுமே முடியாது, அது போகட்டும், அடுத்த வாரம் புடிச்சுக்கலாம், விட்டுப்போச்சேன்னு மொத்தமா விட்டுடாதீங்க.

வாட்ஸ்அப்புல ஒரு பாட்டி கதை சுத்தும், நீங்களும் பாத்திருப்பீங்க. கேரளாவுல ஆலப்புழா மாவட்டத்துல கார்த்தியாயினி அம்மான்னு, 2018-ல 96 வயசுல எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூத்துக்கு 98 வாங்குனாங்க. ஹரியானாவுல முதலமைச்சரா இருந்த ஓம் பிரகாஷ் சவுதாலா 2021-ல 86 வயசுல பத்தாவது இங்கிலீஷ் பேப்பர எழுதி 88 வாங்குனாரு. நல்லதுதான், எனக்கும் சந்தோஷம்தான். ஆனா இதை அனுப்பி "அவங்களே எழுதும்போது உனக்கென்ன"ன்னு கேக்குறவங்களக் கண்டா எனக்கு எரிச்சலா வரும். அந்தப் பாட்டிக்கு காலையில எட்டரைக்கு பஞ்ச் வைக்க வேண்டியதில்ல, மகளுக்கு டிபன் கட்ட வேண்டியதில்ல. கேரளாவுல அரசு எழுத்தறிவு மிஷன் நாலாவது, ஏழாவது, பத்தாவது, பன்னெண்டாவதுன்னு பெரியவங்களுக்குச் சமநிலைத் தேர்வு வச்சு கிளாஸும் நடத்துது, அதை யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல. உங்கம்மா காலத்துல 1991 வாக்குல புதுக்கோட்டையில அறிவொளி எப்படி நடந்துச்சு, கல்குவாரியில வேலை பாத்த பொம்பளைங்க எல்லாம் சாயங்காலம் கிளாஸ், அப்புறம் சைக்கிள்னு போனாங்க, தெருவே படிச்சதால யாருக்கும் வெக்கமா இல்ல. நீங்க இப்ப ஒளிச்சு வச்சுப் படிக்கிறீங்க. அதுதான் உங்க தலைவலிக்கு இன்னொரு காரணம்னு எனக்குத் தோணுது.

அதனால வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க. மககிட்ட முதல்ல சொல்லலாம்னு தோணும், அவ புரிஞ்சுக்குவான்னு. வேண்டாம், அப்பாவுக்குத் தெரியாத ரகசியத்த ஒரு ஒம்பதாவது படிக்கிற புள்ள தலையில ஏத்தாதீங்க. அவர்கிட்டயே சொல்லுங்க, அதுவும் ஹால் டிக்கெட்டோ டிசியோ அவர் கண்ணுல பட்டு அவரா கேக்குறதுக்கு முன்னாடி. எப்படிச் சொல்றதுன்னா, சுருக்கமா. "தரகர் சொன்னது பொய், நான் ஒம்பதாவதோட நின்னுட்டேன், அப்ப எனக்கு 21 வயசு, மறுத்துப் பேசத் தைரியம் இல்ல, இப்ப எழுதப் போறேன்." அழுதுட்டே சொன்னா அவர் உங்களச் சமாதானப்படுத்துறதா கோவப்படுறதான்னு தெரியாம முழிப்பாரு. ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பாரு, "உங்க வீட்டுல எல்லாரும் சேந்து ஏமாத்திட்டீங்க"ன்னு ஒரு வார்த்தை வரும், அது வரட்டும், அதுல நியாயமும் இருக்கு. அடி, மிரட்டல்னு போற மனுஷரா இருந்தா மட்டும் தனியாச் சொல்லாதீங்க, அம்மாவையோ தம்பியையோ கூட வச்சுக்கோங்க. உங்க லெட்டர்ல அவரப் பத்தி ஒரு குறையும் இல்லாததால அப்படி இல்லன்னு நெனைக்கிறேன். ஃபார்ம்ல பத்தாம் வகுப்புன்னு எழுதுனாருன்னு சொன்னீங்களே, படிப்பு தெரிஞ்ச பொண்டாட்டின்னு அவருக்கும் ஒரு பெருமை இருந்திருக்குல்ல.

கம்பெனியில என்ன சொல்றது? "ஊர்ல இருக்கு"ங்கிறத இன்னிக்கோட நிறுத்துங்க. எச்ஆர்ல போய் பத்தாவது முடிக்கல, வர்ற மார்ச்ல எழுதுறேன், ஹால் டிக்கெட் வந்ததும் காட்டுறேன்னு சொல்லுங்க. க்யூசி போஸ்ட் வேற ஒருத்தருக்குப் போயிடலாம், நான் போகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா செக்கிங்ல தெறமையான ஆளு கெடைக்கிறது கஷ்டம்னு கம்பெனிக்கும் தெரியும், அடுத்த தடவை காலியாகும்போது கூப்புடுவாங்க. எக்ஸாம் மார்ச்ல ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும் இழுக்கும், நடுவுல நடுவுல லீவு வரும், அஞ்சு நாள் லீவையும் இப்பவே சொல்லி வச்சுடுங்க.

மக விஷயத்துல ஒரே ஒரு யோசனை. அவ பத்தாவது எழுதுற வருஷம் நீங்களும் சேந்து எழுதாதீங்க. தாயும் மகளும் ஒண்ணா பாஸ்னு மே மாசம் பேப்பர்ல போட்டோ வரும், பாக்க அழகா இருக்கும், ஆனா அந்த வீட்டுல ஒருத்தர் ஃபெயிலாயிட்டா போட்டோ எடுக்க யாரும் வர மாட்டாங்க. நீங்க ஒரு வருஷம் முன்னாடியே எழுதிடுங்க. ஒரு பாடம் போனாலும் பரவாயில்ல, ஜூன், ஜூலை வாக்குல துணைத்தேர்வு இருக்கு, போன பாடத்த மட்டும் எழுதலாம், பாஸானது அப்படியே இருக்கும். அடுத்த வருஷம் அவ எழுதும்போது நீங்க கோடு போட்டுப் படிச்ச புக்கு அவளுக்கு ஆகும்.

கடைசிக் கேள்வி, சின்னப் பசங்களோட உக்காரணுமான்னு. தனித்தேர்வருக்குன்னு தனி சென்டர் போடுவாங்க. போய்ப் பாத்தீங்கன்னா தெரியும், பதினேழு வயசுப் பையனும் இருப்பான், அவனுக்கு முன் பெஞ்சுல ஆட்டோ ஓட்டுறவர், பக்கத்துல கைக்குழந்தைய வெளிய அம்மாகிட்ட குடுத்துட்டு வந்த பொண்ணு, கடைசி பெஞ்சுல தலை நரைச்சவர் ஒருத்தர். சூப்பர்வைசரா வர்ற டீச்சர் உங்களவிட சின்னவங்களா இருப்பாங்க, "அக்கா, ரிஜிஸ்டர் நம்பர் சரியாப் போட்டுட்டீங்களா"ன்னு கேப்பாங்க. முதல் பத்து நிமிஷம் கேள்வித்தாள் படிக்க, அடுத்த அஞ்சு நிமிஷம் விவரம் சரிபாக்க, அதுக்கப்புறம்தான் மூணு மணி நேரம் ஆரம்பிக்கும். செல்போன் உள்ள விட மாட்டாங்க, அதனால கையில வாட்ச் ஒண்ணு கட்டிக்கோங்க, சாதா முள்ளு வாட்ச். ரெண்டு பேனா, பென்சில், கண்ணாடி மறந்துடாதீங்க. ஜியாமெட்ரி பாக்ஸ் மட்டும் மகளோடத எடுத்துட்டுப் போகாம புதுசா ஒண்ணு வாங்கிடுங்க, அவளுக்கும் அன்னிக்கு ஸ்கூல்ல கணக்குப் பரீட்சை இருக்கலாம்.